தைத்த வயிறு

1881ஆம் ஆண்டு ஜனவரி 29. வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் இரைப்பையில் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார். அதற்கு முன் அதைச் செய்துபார்த்தவர்களின் நோயாளிகள் பிழைக்கவில்லை. பில்ரோத்தின் நோயாளி பிழைத்தார். எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார், வீட்டுக்குப் போனார். சில மாதங்களில் புற்றுநோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோனது. ஆனாலும் வயிற்றை வெட்டித் தைக்கலாம், தைத்தபின் மனிதர் உயிரோடு இருக்கலாம் என்பது அன்றைக்கு நிரூபணமாகிவிட்டது. அறுவை சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தேதியைத் தவறவிடுவதே இல்லை.

அதே 1881இல் ஜெர்மனியில் மூளை நோய்கள் பற்றிய ஒரு தடித்த பாடப்புத்தகம் வெளிவந்துகொண்டிருந்தது. எழுதியவர் கார்ல் வெர்னிக்கே. மூளையில் மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அந்தப் புத்தகத்தில் ஒரு புதிய நோயை மூன்று நோயாளிகளை வைத்து விவரிக்கிறார். கண் அசைவு கெட்டுப்போகிறது, நடை தள்ளாடுகிறது, மனம் குழம்புகிறது. மூவருமே நோய் தொடங்கி இரண்டு வாரம் போல ஆவதற்குள் இறந்துவிட்டார்கள். மண்டையைத் திறந்து பார்த்தால் மூளையின் நடுவில் ஊசி குத்தினாற்போல் சிறுசிறு ரத்தப் புள்ளிகள்.

மூவரில் இரண்டு பேர் ஆண்கள், பெருங்குடிகாரர்கள். மூன்றாமவர் இருபது வயதுப் பெண். தையல் வேலை செய்து பிழைத்தவர். கந்தக அமிலத்தைக் குடித்திருந்தார். அமிலம் அவரைக் கொல்லவில்லை. வயிற்றின் அடிவாசலைப் புண்ணாக்கி, அந்தப் புண் ஆறித் தழும்பாகி, வாசல் சுருங்கிவிட்டது. எது சாப்பிட்டாலும் வாந்தி. வாரக்கணக்கில் வாந்தி எடுத்தபின் கண்ணில் ஆரம்பித்தது அந்த நோய்.

அவர் குடிப்பழக்கம் உள்ளவர் என்று புத்தகத்தில் இல்லை. அவருக்கு இருந்தது சோறு இறங்காத வயிறு.

எடையைக் குறைப்பதற்காக வயிற்றை வெட்டும் அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தத் தையல்காரப் பெண்ணிடம்தான் எனக்கு மனசு போய் நிற்கிறது. பில்ரோத் காட்டிய வழியில் போய், எழுபது எண்பது வருஷம் கழித்து, நல்ல நோக்கத்தோடு, நோயாளியின் சம்மதத்தோடு, அவருடைய வயிற்றையே மருத்துவர்கள் திட்டம் போட்டுச் செய்ய ஆரம்பித்தார்கள். கொஞ்சம்தான் கொள்ளும், கூடினால் வெளியே தள்ளும் வயிறு. அது என்ன செய்யும் என்று 1881லேயே அச்சில் இருந்தது. ஆனால் மருத்துவ உலகம் அந்த மூன்று பேரில் இரண்டு பேரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. வெர்னிக்கே நோய் என்றால் குடிகாரர்களின் நோய். முடிந்தது கதை.

*

அந்தப் பெண்ணின் உடம்பில் என்ன தீர்ந்துபோயிருந்தது என்று தெரியவர இன்னும் அறுபத்தைந்து வருஷம் ஆனது. தடயம் கிடைத்தது ஆஸ்பத்திரியில் இல்லை, சோற்றுப் பானையில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தென்கிழக்கு ஆசியாவில் நீராவி அரிசி ஆலைகள் வந்தன. நெல்லை வெள்ளைவெளேர் என்று தீட்டித் தள்ளின. அந்த அரிசி போன இடமெல்லாம் பெரிபெரியும் போனது. முதலில் கால் மரக்கும், பிறகு வீங்கும், கடைசியில் இதயம் நிற்கும். ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் தன் பரிசோதனைக் கோழிகள் தள்ளாடுவதைப் பார்த்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு தின்றபோது தள்ளாடின. சமையல்காரர் மாறி, புது ஆள் அந்தச் சோற்றைக் கோழிக்குத் தர முடியாது என்று சொன்னபின் அவை தேறிவிட்டன. இந்தக் கதை பிரபலம். இதற்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அவ்வளவு பிரபலமில்லாத கதை ஒன்று மலாயாவில் நடந்தது. அதில் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாக விழுகிறார்கள். அதே வெயில், அதே மழை, அதே நாடு. ஆனால் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் வருவதே அரிது. சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த பச்சரிசி. தமிழர்கள் தின்றது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி.

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அப்புறம் குத்துவது நம் ஊர் வழக்கம். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுக்கப் போகாது. இதையெல்லாம் யாரும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. அவித்தால் அரிசி உடையாது, பூச்சி அரிக்காது, அவ்வளவுதான். ஆனால் கடல் கடந்து கூலி வேலைக்குப் போன ஒரு கூட்டத்தை ஒரு கொள்ளைநோயிலிருந்து காப்பாற்றியது அந்தக் குதிருக்குள் இருந்த நெல்லும் அதை அவித்த அண்டாவும்தான்.

1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்தும் பார்த்தார். நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து, ஒற்றைப்படைக்காரர்களுக்கு ஒரு அரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்கு ஒரு அரிசி. பச்சரிசி தின்ற பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற பக்கம் ஒருவரும் இறக்கவில்லை. அந்த நோயாளிகளை யாரும் ‘உங்களுக்குச் சம்மதமா’ என்று கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே இந்தச் சாதனையைச் சொல்ல வேண்டும்.

‘வைட்டமின்’ என்ற சொல்லையே காசிமிர் ஃபங்க் 1912இல்தான் உண்டாக்கினார். பெரிபெரியைத் தடுக்கும் சத்துக்குப் பிறகு தயமின், அதாவது வைட்டமின் பி1 என்று பெயரானது. அதன் வேதியமைப்பைக் கண்டுபிடித்து 1936இல் ஆய்வகத்திலேயே செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கர், பிறந்தது அப்போதைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூரில், ஒரு மிஷனரி குடும்பத்தில். சம்பளத்துக்கு டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை, தயமின் ஆராய்ச்சி சொந்த நேரத்தில். இன்றைக்கு மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரைக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதரின் சாயங்காலங்கள் இருக்கின்றன.

கடைசிக் கண்ணி சிங்கப்பூரில் சேர்ந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆயிரக்கணக்கான போர்க் கைதிகள். சாப்பாடு பெரும்பாலும் தீட்டிய அரிசி. சில வாரங்களிலேயே சாங்கி முகாம் ஆஸ்பத்திரியில் கண் ஆடுகிற, மனம் குழம்புகிற ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பலருக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் சேர்ந்து இருந்தது. கைதியாக இருந்த ஹியூ டி வார்ட்னர் என்ற இளம் மருத்துவர் அது வெர்னிக்கே நோய் என்று அடையாளம் கண்டார். கைவசம் இருந்த கொஞ்சநஞ்சத் தயமினைப் போட்டதும் பலர் தேறினார்கள். 52 நோயாளிகளைப் பற்றிய அந்தக் கட்டுரையை அவரும் லெனாக்ஸும் சேர்ந்து 1947இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். தலைப்பிலேயே ‘மூளை பெரிபெரி’ என்று போட்டார்கள். முகாமில் குடிக்கச் சாராயம் ஏது? ஆக, குடி இந்த நோய்க்கு ஒரு வழி மட்டும்தான் என்று அன்றைக்கே எழுத்தில் வந்துவிட்டது.

இதெல்லாம் 1947க்குள் தெரிந்துவிட்டது. வருஷத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொழுத்த உடம்பை மெலியவைக்க அமெரிக்காவில் கத்தியை எடுப்பதற்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது.

*

1954இல் மினசோட்டாவைச் சேர்ந்த கிரெமனும் லின்னரும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கிவைத்தால் உடம்பு மெலியும். யோசனை எளிமையானது: சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும், குடல் உறிஞ்சாமல் பார்த்துக்கொண்டால் போதும். லாஸ் ஏஞ்சலஸில் பெய்ன், டிவிண்ட் என்ற இருவர் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். முதலில் சிறுகுடலை நேராகப் பெருங்குடலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நிற்காத பேதி, உப்புச்சத்து இழப்பு. மறுபடி திறந்து குடலைப் பழையபடி சேர்த்தால் எடையும் பழையபடி வந்தது. 1969இல் ஒரு கணக்குக்கு வந்தார்கள்: முன்பக்கம் 14 அங்குலம், பின்பக்கம் 4 அங்குலம். இருபது அடி அளவுள்ள சிறுகுடலில் ஒன்றரை அடி மட்டும் வேலை செய்யும். மிச்சம் வயிற்றுக்குள் சும்மா கிடக்கும்.

(ஆங்கிலத்தில் அதீத உடற்பருமனை நோய் என்று ஒலிக்கும்படி அழைக்கும் சொற்றொடரைப் புழக்கத்தில் விட்டவர்களும் இவர்கள்தான், இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுக்க வேண்டும் என்பதற்காக என்று ஒரு பேச்சு உண்டு. பெயர் வைத்தால்தான் பில் போட முடியும் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.)

எடை குறைந்தது. பிரமாதமாகக் குறைந்தது. ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மூட்டுகள் வீங்கின. ஈரல் கொழுப்பேறிச் சிலருக்குச் செயலிழந்தது. மாலைக்கண் வந்தது, எலும்பு மெலிந்தது. சிறுநீரகத்தில் கல்.

அந்தக் கல்லின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கீரையிலும் வேறு பல காய்களிலும் ஆக்ஸலேட் என்ற உப்பு இருக்கிறது. சாதாரணமாகக் குடலுக்குள் அதைக் கால்சியம் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மலத்தோடு வெளியே போய்விடும். குடலைச் சுருக்கியபின் கொழுப்பு உறிஞ்சப்படாமல் தங்குகிறது. தங்கின கொழுப்பு கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிடிக்க ஆளில்லாத ஆக்ஸலேட் பெருங்குடல் வழியாக ரத்தத்துக்குள் நுழைந்து, சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது. கொழுப்பைக் குறைக்கச் செய்த ஆபரேஷன், கீரையைக் கல்லாக மாற்றியது. சிலருக்குச் சிறுநீரகமே போனது. உடம்பில் ஒரு குழாயை மட்டும் தனியாகத் திருப்பிவிட முடியாது என்று இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டவில்லை. 1980வாக்கில் அந்த ஆபரேஷன் வழக்கொழிந்தது. ஏற்கெனவே செய்துகொண்டவர்களில் பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைச் சேர்க்க வேண்டியிருந்தது.

*

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் வேறு ஒன்றைக் கவனித்திருந்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்ட பெண்கள் அப்புறம் எடை போடுவதில்லை. எடை போட வேண்டும் என்று விரும்பினாலும் முடிவதில்லை. மற்ற மருத்துவர்களுக்குத் தொல்லையாக இருந்த பக்கவிளைவை இவர் சிகிச்சையாக்கினார். 1966இல், சிகாஷி இட்டோவோடு சேர்ந்து, இரைப்பையின் மேற்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து அதைச் சிறுகுடலில் இணைத்தார். இன்றைக்குச் செய்யப்படும் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ அதன் வழிவந்ததுதான். பிறகு குடலைத் தொடாமல் வயிற்றை மட்டும் பட்டை போட்டுச் சுருக்கும் முறைகள் வந்தன. இப்போது பரவலாக நடப்பது ‘ஸ்லீவ்’: இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, சட்டைக் கை மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது.

குடல் ஆபரேஷனோடு ஒப்பிட்டால் இவை பாதுகாப்பானவை. ஈரல் போகவில்லை, பேதி நிற்காமல் ஓடவில்லை. ஆனால் வயிறு சின்னதானால் வாந்தி வரும். வாய் தைத்த இடத்தில் சுருங்கிவிட்டால் நிறையவே வரும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவ இதழ்களில் சில கட்டுரைகள் வர ஆரம்பித்தன. வயிற்றைச் சுருக்கிக்கொண்டவர், சில வாரம் வாந்தி, பிறகு கால் மரப்பு, பிறகு கண் இரண்டிரண்டாகத் தெரிகிறது, பிறகு ஞாபகம் போகிறது. 1987இல் ஒரு குழுவினர் இப்படி வயிற்றைச் சுருக்கிக்கொண்ட 500 பேரைப் பார்த்ததில் 23 பேருக்கு நரம்புக் கோளாறு இருந்ததாக எழுதினார்கள். அவர்களில் அநேகருக்குப் பொதுவாக இருந்தது வாந்தி.

தையல்காரப் பெண் திரும்பி வந்துவிட்டார். இந்தத் தடவை அமிலம் இல்லை, தையல் நூல்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது? உடம்பு எல்லாச் சத்தையும் ஒரே அளவு சேர்த்துவைப்பதில்லை. பி12 போன்றவற்றுக்குப் பெரிய குதிர் இருக்கிறது, வருஷக்கணக்கில் தாங்கும். தயமினுக்கு இருப்பதோ அஞ்சறைப்பெட்டிக் கிண்ணம். மொத்தமே முப்பது மில்லிகிராம் அளவுக்குத்தான் உடம்பில் இருக்கும். தினமும் ஒன்று ஒன்றேகால் மில்லிகிராம் வேண்டும். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கிண்ணம் காலி. நூற்றிருபது கிலோ உடம்பாக இருந்தாலும் சரி, கிண்ணத்தின் அளவு அதற்கேற்பப் பெரிதாவதில்லை. இடுப்பிலும் தொடையிலும் மாதக்கணக்கில் எரிக்கக் கொழுப்பு இருக்கும்போது மூளை பட்டினி கிடக்கும் என்பதை நம்புவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கும் கஷ்டம், சில நேரம் மருத்துவருக்கும். குண்டாக இருக்கிறவருக்குச் சத்துக்குறைவு என்றால் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு குரூரமான திருப்பம் உண்டு. நம் ஊரில் ரெண்டு நாள் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் முதலில் சொல்வது என்ன? ‘போய் ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துடலாம்.’ வாந்தியெடுத்துத் துவண்டவரை உலகம் முழுக்க எமர்ஜென்சியில் அப்படித்தான் கவனிப்பார்கள். சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க மூளைக்குத் தயமின் வேண்டும். மிச்சம் மீதி இருக்கும் துளித் தயமினும் அந்த ஒரு பாட்டில் குளுக்கோஸை எரிப்பதில் செலவாகிவிடும். சோர்வாக உள்ளே போனவர் சாயங்காலம் கண்ணை நேராக வைக்க முடியாமல் கிடப்பார். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், பரிவோடு செய்த காரியம்.

2008இல் நார்வே மருத்துவர் ஆஷெய்ம் அதுவரை மருத்துவ இதழ்களில் வெளியான இப்படிப்பட்ட நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். 84 பேர் கிடைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் முடிந்த ஆறு மாதத்துக்குள் வந்திருக்கிறது. 90 சதவீதம் பேருக்கு அதற்கு முன் அடிக்கடி வாந்தி. தயமின் போடாமல் குளுக்கோஸ் ஏற்றியது 15 பேருக்குக் காரணங்களில் ஒன்று. ஏறக்குறைய பாதிப் பேர் முழுசாகக் குணமாகவில்லை. இதழில் எழுதப்பட்டவர்கள்தான் 84. எழுத ஒருவரும் இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

குணமாகவில்லை என்றால் என்ன? கோர்சகாஃப் என்ற ரஷ்ய மருத்துவர் 1880களின் இறுதியில் விவரித்த நிலை. பழசெல்லாம் ஞாபகம் இருக்கும். புதிதாக எதுவும் ஒட்டாது. காலையில் வந்துபோன தங்கச்சியை மத்தியானம் ‘வரவே இல்லையே’ என்பார்கள். இடைவெளியை நிரப்ப நடக்காத கதைகளை நம்பிச் சொல்வார்கள். முப்பது வயதில், நாற்பது கிலோ குறைத்து, ஆசைப்பட்ட சட்டை உடம்பில் சேர்கிற நேரத்தில். இத்தனைக்கும் தடுக்கத் தேவைப்பட்டது விலை மலிவான ஒரு ஊசி மருந்து. சந்தேகம் வந்தவுடனே, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், நரம்பில் போட்டிருந்தால் போதும். கூடுதலாகப் போய்விட்டால்கூடச் சிறுநீரில் போய்விடும் மருந்து.

*

தயமின் அவசரக்காரன். மற்றவை நிதானமாக வரும். அதுதான் அவற்றின் ஆபத்து. ஆபரேஷன் நடந்ததையே ஆள் மறந்த பிறகு வருகின்றன.

ஹார்வர்டின் வில்லியம் காசில் 1920களின் கடைசியில் பாஸ்டனில் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். தினமும் காலையில் மாட்டிறைச்சி சாப்பிடுவார். கொஞ்ச நேரம் கழித்து அதைத் தன் வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, பக்குவம் செய்து, கொடிய ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்த நோயாளிகளுக்குக் குழாய் வழியாக உள்ளே விடுவார். அருவருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் ரத்தம் ஊறிப் பிழைத்தார்கள். வெறும் இறைச்சியைக் கொடுத்தபோது ஊறவில்லை. ஆரோக்கியமான இரைப்பை ஏதோ ஒன்றைச் சுரக்கிறது. அது சேர்ந்தால்தான் இறைச்சியில் உள்ள ஏதோ ஒன்றை உடம்பு எடுத்துக்கொள்ளும். இறைச்சியில் உள்ள அந்த ஏதோ ஒன்றுதான் பி12 என்று 1948இல் பிரித்தெடுத்தபோது தெரிந்தது. இரைப்பையை வெட்டினாலோ விலக்கினாலோ காசில் கண்ட அந்தச் சுரப்பும் குறைகிறது. ஈரலில் இருக்கும் சேமிப்பு இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஓட்டிக்கொண்டு போகும். அப்புறம் கால் எரிகிறது, படியில் தடுமாறுகிறது, நாக்கு சிவக்கிறது. ‘சுகரா இருக்கும்’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்.

பைபாஸ் என்ற சொல்லை நமக்கு டாக்டரைவிட நெடுஞ்சாலைத் துறை நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு போட்டால் பஸ்ஸெல்லாம் சீக்கிரம் போய்ச் சேரும். ஊருக்குள் பஸ்ஸை நம்பிக் கடை வைத்தவர்கள் ஈ ஓட்டுவார்கள். முன்சிறுகுடல் அப்படியொரு ஊர். இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் இறங்குவது அந்த ஸ்டாப்பில்தான். வண்டி அங்கே நிற்காதபோது, மாதவிடாய் இருக்கும் பெண்களுக்கு ரத்தசோகை சீக்கிரம் வருகிறது. கால்சியத்துக்கு இன்னொரு தந்திரம் உடம்பிடம் உண்டு: ரத்தத்தில் குறையாமல் பார்த்துக்கொள்ள எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாகவே வரும். வீடு இடிந்துகொண்டிருக்கும், வாசலில் கோலம் பளிச்சென்று இருக்கும்.

தாமிரத்தின் கதை இன்னும் வேடிக்கை. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள், பி12 குறைவு மாதிரியே இருந்து பி12 ஊசிக்கு அசையாத சில நோயாளிகளைக் கண்டார்கள். தண்டுவடம் கெட்டு, நடை போய்விட்டிருந்தது. தேடிப்பார்த்தால் தாமிரக் குறைவு. பலர் முன்னாளில் இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இது புதிய நோயா? ஆட்டு டாக்டர்களைக் கேட்டால் சிரித்திருப்பார்கள். தாமிரம் இல்லாத மேய்ச்சல் நிலத்தில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகள் இடுப்பு தொங்கி, பின்னங்கால் இழுத்து நடப்பதன் காரணத்தை ஆஸ்திரேலியக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் 1930களிலேயே எழுதிவிட்டார்கள். ஒரு துறையின் அலமாரியில் இருப்பது இன்னொரு துறையின் மேஜைக்கு வர எழுபது வருஷம் ஆகியிருக்கிறது.

இந்தக் குறைகள் ஆபரேஷன் செய்துகொண்டவரோடு நிற்பதும் இல்லை. பைபாஸ் செய்துகொண்ட தாயிடம் பால் குடித்த குழந்தைக்குப் பி12 குறைவு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. அம்மாவுக்கு அறிகுறி பெரிதாக எதுவும் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குழந்தையின் குதிர் பிறக்கும்போதே காலி.

*

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘அப்ப ஆபரேஷனே பண்ணக்கூடாதா?’ என்று கேட்டால், என் பதில் அது இல்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரம் பேரையும் செய்துகொள்ளாத இரண்டாயிரம் பேரையும் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவு என்று 2007இல் முடிவு வந்தது. சர்க்கரை நோய் அடங்கியவர்கள் ஏராளம். மூச்சுத் திணறலில்லாமல் முதல் தடவை படுத்துத் தூங்கியவர்களும் முழங்கால் வலியில்லாமல் நடந்தவர்களும் இருக்கிறார்கள். பருமனாக இருப்பவர்களைப் பார்த்து ‘வாயைக் கட்டுப்படுத்தத் தெரியல’ என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் கத்திக்குப் போனால் அதையும் கேலி செய்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

என் பிரச்சினை வேறு. ஆபரேஷன் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். மாத்திரையும் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. முதலாவதுக்கு விளம்பரம் இருக்கிறது, முன்-பின் புகைப்படங்கள் இருக்கின்றன, தவணையில் கட்டலாம். இரண்டாவதை விற்க யாருக்கும் ஆர்வம் இல்லை. புகைப்படத்தில் பி12 தெரியாது. ஆறு மாதம் ஒழுங்காக வருகிறவர்கள் இரண்டாம் வருஷம் குறைகிறார்கள், ஐந்தாம் வருஷம் காணாமல் போகிறார்கள். ஊர் மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும், ஆபரேஷன் செய்ததைப் புகுந்த வீட்டில் சொல்லாமல் இருந்திருப்பார்கள். கால் மரப்புக்கு வேறொரு டாக்டரிடம் போகும்போதும் சொல்ல மாட்டார்கள்.

இதை எல்லாருக்கும் முன்னால் உணர்ந்தவர் மேசனே என்று நினைக்கிறேன். இந்தத் துறையின் தந்தை என்று அவரைக் கொண்டாடினார்கள். அவர் 1986இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்: ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரையும் வருஷா வருஷம் தொடர்ந்து எழுதிவைக்க வேண்டும் என்று. 1998இல், எழுபது வயதைத் தாண்டியபின், வயிற்றைச் சுருக்கியபின் வரும் பட்டினிக் காயம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ‘பட்டினி’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தார். தான் கண்டுபிடித்த சிகிச்சையைப் பற்றி அப்படி எழுத ஒரு மனசு வேண்டும். வாந்தி நிற்காத நோயாளிக்குத் தயமின் கொடுங்கள், காத்திருக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அவர் நூறு வயது வாழ்ந்து 2020 டிசம்பரில் இறந்தார்.

இப்போது எடைக்குறைப்பு ஊசிகளின் காலம் வந்திருக்கிறது. வயிற்றை வெட்டாமல், பசியை மட்டும் அணைக்கிற மருந்துகள். கத்தி இல்லை, தையல் இல்லை. ஆனால் சிலருக்கு வாரக்கணக்கில் குமட்டலும் வாந்தியும் இருக்கிறது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வெர்னிக்கே நோய் வந்ததாக ஒன்றிரண்டு தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வர ஆரம்பித்துவிட்டன. எமர்ஜென்சியில் அவர்களிடமும் முதலில் கேட்கப்படுகிற கேள்வி, ‘குடிப்பீங்களா?’ இல்லை என்று தலையாட்டியதும், நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டுகிறார்.